மாப்பிள்ளை பார்க்க வந்த நாளில் செத்துக் கிடந்தேன்

பூங்கொடி, சரவணா, ரெண்டு பேரும் பக்கத்தில் வந்து உட்காருங்க. பத்திரிகைக்கு எழுதினாலும் இது உங்களுக்காக எழுதுறதுதான்.

உங்க அம்மா அடிக்கடி சொல்லுவாளே, "எங்கப்பா மொதமொதல்ல உங்கப்பாவ பாத்துட்டு வந்து, பையன் ரொம்ப அமைதி, இருக்கிற எடமே தெரியலன்னு சொன்னாரு" என்று. நீங்களும் உடனே என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பீர்கள். இந்த வாயாடியா அமைதி என்று.

தாத்தா பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தபோது நான் அமைதியாகத்தான் இருந்தேன். தலை தெற்கே, கால் வடக்கே. கழுத்து முதல் கால்வரை அல்ல, தலை முதல் கால்வரை வெள்ளைப் போர்வை. மேலே ஒரு சாமந்தி மாலை. சுற்றிலும் அழுகைச் சத்தம்.

பயப்படாதீங்க. முறையாகச் சொல்கிறேன்.

ஆயாவுக்குப் பதில்

ரைஸ் மில் வேலையிலிருந்து நான் நின்ற கதையைப் போன வாரம் சொன்னேன். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் டவுனில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்க. திருவண்ணாமலை அப்போது வட ஆற்காடு ஜில்லாவில் சேர்த்தி. எதற்கெடுத்தாலும் வேலூருக்கு பஸ் ஏறணும்.

மலையைப் பார்த்த மாதிரி ஒரு வாடகை வீட்டில் கமலா டீச்சர் ஒரு பாலர் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். மூன்று வயசு, நாலு வயசுப் பிள்ளைகள். அங்கே இருந்த ஆயாவோட மகளுக்குப் பிரசவம் வந்தது. பெங்களூருக்குப் போய்விட்டாள். அந்த இடத்துக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏழுமல, உனக்கு தம்பி தங்கச்சி எத்தினி பேரு?"

"அஞ்சு பேருங்க டீச்சர்."

"எல்லாத்தையும் நீதானே தூக்கினு திரிஞ்ச? அப்ப வா. ஆயா வர்ற வரைக்கும் இரு."

வேலை இதுதான்: மணி அடிக்கணும். பானையில் தண்ணீர் நிரப்பணும். மூக்கு துடைக்கணும். பிள்ளைகள் பின்பக்கம் போய்விட்டு வந்தால் கால் கழுவிவிடணும். மத்தியானம் தூங்க வெள்ளைப் போர்வைகளை விரிக்கணும். பிள்ளைகளுக்கு நான் ஆயாவா, அண்ணனா என்று ஒரு குழப்பம் இருந்தது. அவர்களே பேசி முடிவு பண்ணி "ஆயாண்ணா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். தெருவில் பார்த்தாலும் அப்படித்தான் கத்துவார்கள். டீக்கடையில் இருக்கிற பெரிய மனுஷர்கள்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எங்கள் அம்மா மட்டும் ஊரில், "டவுன்ல ஸ்கூல்ல இருக்கான்" என்று சொல்லி வைத்திருந்தாள். ஸ்கூலில் என்னவாக இருக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை.

ரசம் ஊற்றின பெண்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகணும்.

அதற்கு முந்தின வருஷம் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பச்சைத் தாவணி போட்ட ஒரு பெண் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தது. என் இலையில் ஊற்றின ரசம் ஓடி என் வேட்டிக்கு வந்துவிட்டது. "இலையில ஓட்ட இருக்குதுங்க" என்றேன்.

"ஓட்ட இலையிலயா, கையிலயா?" என்று கேட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டது.

அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு ரசத்தோடு எழுந்தவன், மோர் வந்ததா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டணும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா ஆள்விட்டுக் கேட்டாள்.

பெண்ணோட அப்பா முனுசாமி. நிலத்தில் மணிலாக் கொட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். "பையனோட வேலைய ஒரு நாள் நேர்ல வந்து பாத்துட்டு சொல்றேன்" என்று பதில் அனுப்பினார். என்றைக்கு வருவார் என்று சொல்லவில்லை. அவருக்கு ஏற்கெனவே மூன்று மாப்பிள்ளைகள். ஒருவர் பஸ் கண்டக்டர், ஒருவர் ரேஷன் கடை, ஒருவர் மிலிட்டரி. நாலாவதாக ஒரு ஆயா.

எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் வருவதற்குள் பெங்களூரில் குழந்தை பிறந்து, ஆயா திரும்பி வந்து, நான் வேறு ஏதாவது கௌரவமான வேலைக்குப் போய்விட வேண்டும் என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆயா வரவில்லை. வந்தது எல்கா டீச்சர்.

குளிர் நாட்டு டீச்சர்

பெயர் ஹெல்கா. நம்ம பிள்ளைகள் வாயில் எல்கா. டென்மார்க்கில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் படித்துக்கொண்டிருந்த பெண். படிப்பு முடிவதற்குள் ஏதாவது ஒரு பாலர் பள்ளியில் சில வாரம் வேலை பார்க்கணுமாம். அவளோட அக்கா இங்கே ஒரு ஆசிரமத்தில் தங்கியிருந்ததால் நம்ம ஊருக்கே வந்துவிட்டாள். டீச்சராக ஒரு வகுப்பில் அவள் கால் வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதுவும் ஊர்விட்டு ஊர் இல்லை, கடல்விட்டுக் கடல்.

கமலா டீச்சர் அவளுக்குச் சாமந்தி மாலை போட்டு வரவேற்றார். பத்து நிமிஷம் இங்கிலீஷில் பேசிவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவருக்கு இரண்டு நாளாகக் கடைவாய்ப் பல் வலி.

"ஏழுமல, என்னால முடியல. பல்ல புடுங்கினு வந்துடறேன். அவங்க என்னா சொன்னாலும் செய். மூஞ்ச காட்டாத. மொத நாளே அழ வெச்சி அனுப்பிடாதீங்க."

போய்விட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் "யெஸ் மேடம்." அவளுக்குத் தெரிந்த தமிழ் "வணக்கம்." இரண்டையும் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை ஓட்டணும்.

நம்ம பிள்ளைகள் வரிசையாக, கை கட்டி, வாய்மேல் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடம் என்றால் அப்படித்தான் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. எல்கா டீச்சர் அதைப் பார்த்து ஏதோ குற்றம் நடந்த இடத்துக்கு வந்த மாதிரி விழித்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கு முன்னாலும் மண்டி போட்டு "வணக்கம்" சொன்னாள். பெரியவங்க மண்டி போட்டால் என்ன செய்வது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. வளர்மதி என்று ஒரு நாலு வயசுப் பெண், நல்ல துடுக்கு. அவள் எல்கா டீச்சர் தலைமேல் கை வைத்து, "நல்லா இரு" என்று ஆசீர்வாதம் பண்ணிவிட்டாள்.

அப்புறம் டீச்சர் தன் மூட்டையைப் பிரித்தாள். மரக்கட்டை, துணிப் பொம்மை, கலர் கலராக என்னென்னவோ. எதை வேணுமானாலும் எடுத்து விளையாடுங்க என்று கையைக் காட்டினாள். ஒரு பிள்ளையும் அசையவில்லை. எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. எடுத்தால் ஆயாண்ணா அடிப்பானா மாட்டானா என்று பார்க்கிறார்கள். நான் எடுத்துக்கங்க என்று தலையாட்டினேன். அப்படியும் எடுக்கவில்லை. இது ஏதோ பரீட்சை என்று நினைத்துவிட்டார்கள்.

டீச்சருக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. அழப்போகிறாள் என்று தெரிந்தது. கமலா டீச்சர் சொல்லிவிட்டுப் போனது எனக்கு ஞாபகம் வந்தது.

அப்போதுதான் அவள் கரடியை ஆரம்பித்தாள்.

கரடி

இரண்டு கையையும் நகம் மாதிரி வைத்து உறுமினாள். அப்புறம் கன்னத்தில் கை வைத்துத் தூங்கிக் காட்டினாள். அப்புறம் பிள்ளைகளைக் கைகோத்துச் சுற்றச் சொல்லிக் காட்டினாள். அப்புறம் கை தட்டினாள், மறுபடி உறுமினாள். எனக்குப் புரிந்துவிட்டது. கரடி தூங்கும். பிள்ளைகள் சுற்றிப் பாட்டுப் பாடுவார்கள். கை தட்டினால் கரடி எழுந்து துரத்தும். அவங்க நாட்டு ஆட்டம்.

கரடி வேணுமே. பிள்ளைகளில் யாரும் படுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். டீச்சர் என்னைப் பார்த்தாள்.

"யெஸ் மேடம்" என்றேன்.

அறை சின்னது. வாசல் பக்கம் கால் நீட்டிப் படுத்தேன். வாசல் வடக்கு. தலை எந்தத் திசை என்று நான் யோசிக்கவில்லை. தூங்குகிற கரடி என்று டீச்சர் போர்வையை என் கால்வரை போர்த்தினாள். என் முகம் தெரிந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று தலையையும் சேர்த்து மூடிவிட்டாள். புதுப் போர்வை, நல்ல வெள்ளை.

உள்ளே இருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காலடிச் சத்தம் மட்டும்தான். டீச்சர் அவள் பாஷையில் மெதுவாகப் பாடினாள். சோகமான ராகமாகத்தான் எனக்குப் பட்டது. பிள்ளைகள் அமைதியாகச் சுற்றினார்கள்.

அந்தப் பாட்டு பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் வெள்ளைத்துணி போர்த்திப் படுத்திருக்கிற ஆள், சுற்றி வருகிற ஜனம், இழுத்து இழுத்துப் பாடுகிற ஒரு பொம்பளை, இதெல்லாம் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்த விஷயம். அந்த வாரம்தான் வளர்மதி தெருவில் ஒரு கிழவர் செத்துப்போயிருந்தார்.

முதலில் என் நெஞ்சுமேல் ஏதோ சில்லென்று விழுந்தது. எல்கா டீச்சர் கழற்றி ஆணியில் மாட்டியிருந்த சாமந்தி மாலையை வளர்மதி எடுத்து வந்து போட்டிருக்கிறாள்.

அடுத்து சத்தம். பாபு என்று ஒரு பையன், தன் டிபன் பாக்ஸைக் கவிழ்த்துப்போட்டு ஸ்பூனால் அடிக்க ஆரம்பித்தான். டண்டணக்கு டணக்கு. கை தேர்ந்த அடி.

அதற்கு மேல் வளர்மதியால் சும்மா இருக்க முடியவில்லை.

"எங்கள வுட்டுட்டு போயிட்டியே ஆயாண்ணா... இனிமே எங்களுக்கு யாரு மூக்கு தொடைப்பாங்க ஆயாண்ணா..."

மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். மார்பில் அடித்துக்கொள்கிற சத்தம்கூடக் கேட்டது. காலையிலிருந்து பொம்மையைத் தொட மாட்டேன் என்றிருந்த பிள்ளைகள், அப்படி ஒரு உற்சாகம். எல்கா டீச்சர் சந்தோஷத்தில் "குட், குட்" என்று கத்திக்கொண்டு வளர்மதியோட ராகத்தையே தானும் பிடித்துப் பாட ஆரம்பித்தாள். நல்ல குரல்.

எனக்குப் போர்வைக்குள் வியர்த்துக் கொட்டியது. ஆனால் அவள் கை தட்டாமல் நான் எப்படி எழுவது? என்ன சொன்னாலும் செய் என்று உத்தரவு.

"எப்பம்மா ஆச்சு?"

வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம். பெரிய செருப்பு.

"பாப்பா, இங்க ஏழுமலன்னு ஒருத்தரு வேல செய்யறாராமே?"

வளர்மதி அழுகையை நிறுத்தினாள். "அதோ."

"எங்கம்மா?"

"அதோ படுத்துனு இருக்குதே. அதான்."

அப்புறம் அந்தக் குரல் தணிந்து வந்தது.

"எப்பம்மா ஆச்சு?"

"இப்பத்தான்."

"ஒடம்பு கிடம்பு சரியில்லாம இருந்தாரா?"

"இல்ல. வெள்ளக்கார டீச்சர் வந்தாங்க. படுன்னாங்க. படுத்துடுச்சு."

"அடப் பாவமே. சின்ன வயசாச்சே." அவர் தோளிலிருந்து துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டது பிறகுதான் எனக்குத் தெரியும். அப்புறம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "பொண்ணு குடுக்கலாமான்னு கீழ்பென்னாத்தூர்லேர்ந்து பஸ் ஏறி வந்தேன். ம். நல்ல வேள."

அந்த "நல்ல வேள" இன்னும் என் காதில் இருக்கிறது.

போர்வைக்குள் என் நிலைமையை நினைத்துப் பாருங்க. எழுந்தால், மாமனார் ஆகப்போகிறவர் முன்னால் பிணம் எழுந்திருக்கும். எழாவிட்டால், அவர் துக்கம் விசாரித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார். பச்சைத் தாவணி வேறு யாருக்கோ ரசம் ஊற்றப் போய்விடும். நான் உயிரோடிருந்தும் பிரயோஜனம் இல்லை.

எல்கா டீச்சர் கை தட்டினாள்.

உறுமணும். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நான் மெதுவாக எழுந்து உட்கார்ந்தேன். போர்வை சரிந்தது. மாலையோடு கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க, உக்காருங்க" என்றேன்.

கரடி உறுமாததுதான் பிள்ளைகளுக்கு அதிக பயமாகிவிட்டது. வீல் என்று கத்திக்கொண்டு வாசல் பக்கம் ஓடி, வந்தவர் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி... உசுரோடதான் இருக்கீங்களா?"

"இருக்கறேங்க."

"நெசமாத்தானே?"

"நெசமாத்தாங்க."

துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

வலமா சுத்துங்க

கரடி, டென்மார்க், பல் வலி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "ஐயா" என்பதா "மாமா" என்பதா என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டுச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி. வெளையாட்டாவே இருக்கட்டும். எதுக்கு எடமா சுத்தினாங்க?"

எனக்குத் திக்கென்றது. நம்ம ஊரில் மலையைச் சுற்றினாலும் வலம், கோயிலைச் சுற்றினாலும் வலம், நடக்கப் பழகின குழந்தைகூட வலமாகத்தான் சுற்றும். இடமாகச் சுற்றுகிறவன் கொள்ளிக்குடம் தூக்குகிறவன் ஒருத்தன்தான். கல்யாணம் பேச வந்த வேளையில், மாப்பிள்ளையைச் சுற்றி இத்தனை கொள்ளிக்குடம்.

"போர்வைக்குள்ள இருந்தேங்க. தெரியலீங்க" என்றேன்.

இதற்குள் எல்கா டீச்சர் அவரை ஏதோ பிள்ளையோட தாத்தா என்று நினைத்து, "வணக்கம்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவர் அவசரமாகக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கொடுத்தார். அப்புறம் காது கேட்காதவர்களிடம் பேசுகிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"அம்மா! அப்படி இல்ல! இப்படி!"

ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையைக் காட்டினார். விரலால் காற்றில் வலமாக ஒரு வட்டம் போட்டார். மலையைச் சுற்றிப் போகிற ஜனத்தை ஆசிரமத்திலிருந்து தினமும் பார்க்கிறவள்தானே, அவள் "ஓ" என்றாள். பிள்ளைகளை அவரே நிறுத்தி, கை கோத்துவிட்டு, என்னை நடுவில் உட்காரவைத்தார்.

"படுக்காதீங்க தம்பி. உக்காந்தே இருங்க. கண்ண தெறந்தே வெச்சினு இருங்க."

வலமாகச் சுற்ற ஆரம்பித்ததும் பிள்ளைகளுக்கு அது வேறு விளையாட்டு ஆகிவிட்டது. மூன்று சுற்று முடிந்ததும், யாரும் சொல்லாமலே, அத்தனையும் என் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தன. எழுந்து, வலது கையைக் குழித்து நீட்டிக்கொண்டு நின்றன. சுற்றி வந்தால் கையில் ஏதாவது தரணும், கோயிலில் அதுதானே வழக்கம்.

என்னிடம் என்ன இருக்கிறது? பெண்ணைப் பெற்றவர் தன் மஞ்சள் பையைத் திறந்தார். வறுத்த மணிலாக் கொட்டை. எந்த வீட்டுக்கும் வெறுங்கையோடு போகாத மனுஷன். ஒவ்வொரு கையிலும் போட்டார். எல்கா டீச்சரும் கையைக் குழித்து வரிசையில் நின்று வாங்கிக்கொண்டாள்.

பின்பக்கம்

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொட்டை வாயில் போட்ட பாபு என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"ஆயாண்ணா, கக்கா."

யார் முன்னால் எது தெரியக் கூடாது என்று இத்தனை நாள் சாமியைக் கும்பிட்டேனோ, அது அவர் கண்ணெதிரில் கால்சட்டையை அவிழ்த்துக்கொண்டு நிற்கிறது. வேறு யாரும் இல்லை. டீச்சரை அனுப்ப முடியாது. தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். கிணற்றடியில் உட்காரவைத்துக் கழுவிவிட்டு நிமிர்ந்தால், அவர் பின்வாசலில் நின்று கொட்டை உடைத்துத் தின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இதான் உங்க வேலையா தம்பி?"

"ஆமாங்க. ஆயாவுக்குப் பதிலு. அவங்க வர்ற வரைக்குந்தான். வாத்தியார் வேல இல்லீங்க."

"வாத்தியாருன்னு நானும் நெனைக்கல. டீக்கடையில உங்க பேரச் சொன்னேன். ஆயாண்ணனான்னு கேட்டாங்க." கொட்டைத் தோலைத் துப்பினார். "எனக்கு மூணு மாப்ளைங்க. பெத்த புள்ளைக்குக் கால் கழுவிவுடுன்னா, பொண்டாட்டியக் கூப்புடறானுங்க. எம்பொண்ணுங்க அடுப்புல இருக்கறத எறக்கி வெச்சிட்டு ஓடறாளுங்க."

நான் பாபுவுக்குக் கால்சட்டையைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். பொத்தான் பிடிபடவில்லை.

"தையில வீட்டுப் பெரியவங்கள கூட்டினு வாங்க" என்றார். "ஒண்ணு மட்டும். பொணமா பாத்தத எம்பொண்ணுகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லிடாதீங்க. அவ வாய்ல மாட்டினா நம்ம ரெண்டு பேரும் மீள முடியாது."

அவர் இருந்தவரை நான் வாய் திறக்கவில்லை. உங்க அம்மாவும் உங்களோடு சேர்ந்து இந்த வாரம்தான் படிக்கப்போகிறாள்.

எல்லாரும் போன பிறகு

கமலா டீச்சர் பஞ்சு வைத்த வாயோடு வந்தார். முதல் நாள் எப்படி என்று எல்கா டீச்சரைக் கேட்டார். அவள் முகம் மலர்ந்து ஏதேதோ சொன்னாள். கமலா டீச்சர் எனக்குத் தமிழில் சொன்னார்: "அவங்க நாட்டு ஆட்டம் நம்ம புள்ளைங்களுக்கு முன்னாலியே தெரிஞ்சிருக்குதாம். பாட்டுகூட நம்ம பாட்டு இருக்குதாம். அப்படி என்னா ஆட்டம் ஏழுமல?"

"கரடி ஆட்டங்க டீச்சர்" என்றேன்.

பிள்ளைகளை வீட்டில் விட்டாச்சு. டீச்சர்கள் இரண்டு பேரும் போயாச்சு. நான் மட்டும் அறையைப் பெருக்கினேன். மாலையை எடுத்துக் கிணற்றோரம் போட்டேன். மனசு நிறையச் சந்தோஷம்தான். ஆனாலும் என்னவோ உறுத்தியது. அவர் வலமாகச் சுற்றவிட்டது சரி. சாவு நடந்த இடத்திலிருந்து அப்படியே எழுந்து வீட்டுக்குப் போகலாமா? அதுவும் நல்ல காரியம் கூடிவந்த நாளில்? செத்தவனே குளிக்கணுமா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

பின்பக்கக் கதவைச் சாத்தினேன். கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் சேந்தி, சட்டையைக்கூடக் கழற்றாமல் தலையோடு ஊற்றிக்கொண்டேன். கார்த்திகை மாசத் தண்ணீர். பல்லெல்லாம் கிடுகிடுவென்று ஆடியது. போதுமா என்று தெரியாமல் இன்னொரு வாளியும் ஊற்றிக்கொண்டேன்.

துவட்டிக்கொள்ளத் துண்டு இல்லை. கொடியில் அந்த வெள்ளைப் போர்வை ஒன்றுதான் தொங்கியது. அதன்மேல் கை வைத்தேன். அப்புறம் கையை எடுத்துவிட்டு, சொட்டச் சொட்டக் கதவைப் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தேன்.